தேடிக்கொண்ட சாவும் நம் கடமையும்

ஒரு மனிதன் தானே தேடிக்கொண்ட சாவிலிருந்து அவனைக் காப்பாற்றும் கடமை பிறருக்கு உண்டா? பார்வைக்கு எளிய வினாவாகவே தோன்றும். ஆயினும் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தமிழகத்தில் பலர் இவ்வினாவிற்கு 'இல்லை' என்றே விடை பகர்ந்தனர். இறந்தோரின் குடும்பத்திற்குத் தலா 10 இலட்சம் ரூபாய் என அரசு அறிவித்ததும், "குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா?" என்ற கேள்வி தேநீர்க் கடைகளிலும் மின்சார ரயில்களிலும் எழுந்தது. அத்தொகையை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. நம் பள்ளிவாசல்களில் ஹவுளின் ஓரத்திலும் அக்கேள்வி நம் காதில் விழுந்தது. கேட்டவர்கள் ஐவேளையும் தொழக்கூடியவர்கள்.

நிவாரணத் தொகை கூடுதலா, குறைவா என்பது அரசின் கருவூலம் பற்றிய கேள்வி. அதில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அதனை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அக்கேள்விக்கு அடியில் கிடக்கும் எண்ணமே நம் கவலைக்கு உரியது. 'அவன் செய்த பாவம் அவனைக் கொன்றது. இதில் நமக்கு என்ன?' என்பதே அவ்வெண்ணம். செத்தபின் சொல்லும்போது இது வெறும் பேச்சு. சாகும் தறுவாயில் கிடப்பவன் முன்னே நின்று சொல்லப்படுமானால், அதுவே அவனைச் சாகவிடும் தீர்ப்பாகிவிடுகின்றது. அப்படிச் சொல்லும் தறுவாய்கள் இப்போது நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டன.

சாராயம் வாடையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும், கஞ்சாவும் அவ்வாறே. இன்று பரவியிருக்கும் நஞ்சுக்கு வாடை இல்லை. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத வலிநிவாரணி மாத்திரைகளை, குறிப்பாக டேப்பென்டடால் என்னும் மாத்திரையை, பொடித்து நீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் இளைஞரிடையே வேர்விட்டிருக்கின்றது. இவ்வகை மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைதான செய்திகள் சென்னைக் காவல் ஆணையரகத்தின் எல்லையிலிருந்தும், 2022 ஜனவரியில் தனியே அமைந்த ஆவடி ஆணையரகத்தின் எல்லையிலிருந்தும் பன்முறை வந்துள்ளன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலைக்கும் இடையே கிடக்கும் திருமுல்லைவாயில், மாசிலாமணீசுவரர் கோயிலால் பழம்பெயர் பெற்ற ஊர். இன்று அது பட்டறைகளும் வாடகை வீடுகளும் இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் இளைஞரும் மிகுந்த ஊர். பகலில் உறங்கும் மகனை எந்தத் தாயும் ஐயுற மாட்டாள். இந்த நஞ்சுக்கு அதுவே வாய்ப்பாகிவிடுகின்றது.

அது கொல்லும் முறையை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அபினும், அதிலிருந்து பிறந்த மார்பினும் ஹெராயினும், அவற்றின் வழியில் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இம்மாத்திரைகளும் ஒரே குடும்பம். வலியை உணர்த்தும் வழியை மூளையில் அடைப்பதோடு இவை நிற்பதில்லை. 'மூச்சு விடு' என்று நாம் அறியாமலே நம் உடலுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் மூளைப் பகுதியையும் மந்தப்படுத்துகின்றன. அளவு மீறும்போது அந்தக் கட்டளை தேய்கின்றது. துடிப்பு இல்லை, அலறல் இல்லை. மனிதன் உறங்குவதுபோல் கிடக்கின்றான்; தொண்டையில் கரகரவென்று ஒரு குறட்டை; உதடும் நகமும் நீலமாகின்றன; கண்ணின் பாவை குண்டூசி முனையளவு சுருங்கிவிடுகின்றது. 'தூங்கட்டும், தெளிந்துவிடும்' என்று வீட்டார் கதவைச் சாத்திவிட்டுப் போகின்றனர். காலையில் அக்கதவைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அரசு வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் 'போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு' என்ற முழக்கத்துடன் மாநிலமெங்கும் மாணவர்கள் உறுதிமொழி ஏற்றனர். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போதை எதிர்ப்பு மன்றங்கள் அமைந்தன. 2025ஆம் ஆண்டு 'கலங்கரை' என்ற அழகிய பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டன. 14446 என்ற எண்ணில் நாடு முழுவதற்குமான இலவச உதவித் தொலைபேசி இருக்கின்றது. அதற்கும் நெடுங்காலம் முன்பே, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அவர் பெயராலேயே 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவிப் பிறர் வீட்டுக் கணவர்களையும் மக்களையும் மீட்கத் தொடங்கினார். தம் வீட்டுத் துயரை மூடி மறைக்காமல் ஊருக்கு மருந்தாக்கிய அப்பெண்மணியின் துணிவை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மிகுகின்றது. நம் சமுதாயத்தில் எத்தனை வீடுகள் அத்துணிவைக் காட்டும்?

ஆயினும் இம்முயற்சிகளில் ஓர் இடைவெளி உண்டு. உறுதிமொழி, இன்னும் தொடாதவனைத் தடுக்கின்றது. கைது, விற்பவனைத் தடுக்கின்றது. மீட்பு மையம், மீள விரும்பி வருபவனைக் கைதூக்கிவிடுகின்றது. இன்றிரவு மூச்சுத் தேய்ந்து கிடப்பவனுக்கு இம்மூன்றில் எதுவும் உதவாது. அவனுக்கு வேண்டியது அடுத்த சில நிமிடங்களில் ஒரு மனிதன், ஒரு மருந்து, ஓர் ஆம்புலன்ஸ்.

அந்த மருந்து இருக்கின்றது. நாலோக்சோன் என்பது அதன் பெயர். 1961இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு 1971இல் அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற்றது. மூளையில் அபின் இன நஞ்சு அமர்ந்திருக்கும் இருக்கையிலிருந்து அதனைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். போதை தராது, பழக்கமாகாது. உடலில் அபின் இனப் பொருள் இல்லாதவனுக்குச் செலுத்தினாலும் தீங்கு இல்லை. 2014இல் உலக சுகாதார நிறுவனம், மருத்துவர் கையில் மட்டுமன்றி, அளவு மீறலைக் காண நேரிடக்கூடிய குடும்பத்தார், நண்பர்கள் கையிலும் இம்மருந்து இருக்கவேண்டும், அதனைப் பயன்படுத்த அவர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டின் மணிப்பூரில், தொண்டு நிறுவனத்தார் இம்மருந்தைப் போதைக்கு அடிமையானோரின் தோழர்களிடமே கொடுத்துப் பல உயிர்களை மீட்டுள்ளனர். ஆண்டுக்கு 1 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அளவு மீறிய போதையால் மடிந்துகொண்டிருந்த அமெரிக்காவில், 2024இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 80 ஆயிரமாக இறங்கியது. மருத்துவர் சீட்டின்றியே நாலோக்சோன் கிடைக்கச் செய்ததும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றென அறிஞர் கருதுகின்றனர். தமிழ்நாட்டிலோ இம்மருந்து பெரும்பாலும் மருத்துவமனைக்குள் ஊசிமருந்தாகவே இருக்கின்றது. அது தெருவிற்கும் வீட்டிற்கும் வரவேண்டும் என்பதே நம் கருத்து.

இங்கேதான் நம்மவருள் மார்க்கப் பற்றுள்ளோர் சிலர் தயங்குவர். "ஹராமைச் செய்பவனுக்குப் பாதுகாப்புத் தேடிக்கொடுப்பது ஹராமுக்குத் துணைபோவதாகாதா?" என்பது அவர்தம் ஐயம். ஐயத்தை இகழ்ந்து தள்ளுவது நமக்கு வழக்கமன்று. ஷரீஅத்தை ஒரு பொருட்டாகக் கருதுபவன்தான் இவ்வாறு கேட்பான். எனவே ஷரீஅத்தின் நூல்களிலேயே இதற்கு விடை தேடுவோம்.

போதை ஹராம் என்பதில் விவாதம் இல்லை. 'கம்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேர் 'மூடுதல்'. அறிவை மூடுவது எதுவாயினும், அது திராட்சையில் பிறந்ததாயினும் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாயினும், தடையின் எல்லைக்குள் வரும். ஹஷீஷ் எனும் கஞ்சாவின் தடையைப் பற்றி இமாம் ஸர்கஷீ (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். ஆனால் 'செயல் ஹராம்' என்பதிலிருந்து 'செய்தவனைக் காப்பாற்றத் தேவையில்லை' என்ற முடிவிற்குத் தாவும் வழியை எந்த மத்ஹபிலும் நாம் காணவில்லை.

நீரில் மூழ்குபவனைப் பற்றிய சட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொழுதுகொண்டிருப்பவர், ஒருவன் நீரில் தத்தளிப்பதைக் கண்டால், காப்பாற்றும் ஆற்றல் தமக்கு இருக்குமானால், தொழுகையை முறித்துக்கொண்டு ஓடவேண்டும். ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் இதனை ஆய்ந்து, உயிரைக் காப்பதை முன்னிறுத்துகின்றார்கள். நோன்பை முறித்தாலன்றிக் காக்க முடியாதெனில் நோன்பையும் முறிக்கவேண்டும் என்கின்றார்கள். தொழுகையும் நோன்பும் பின்னர் நிறைவேற்றத்தக்கவை. போன உயிர் திரும்பாது. இச்சட்டத்தைப் படிக்கும் மாணவர்களிடம் நாம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: மூழ்குபவன் எப்படி நீரில் விழுந்தான் என்று நூலாசிரியர் எங்கேனும் விசாரித்திருக்கின்றாரா? தவறி விழுந்தானா, விளையாட்டாய்க் குதித்தானா, குடிவெறியில் சரிந்தானா என்ற ஆராய்ச்சி அங்கே இல்லை. ஷரீஅத் எவன் உயிருக்குக் காப்பு அளித்திருக்கின்றதோ அவன் மூழ்குகின்றானா என்பது ஒன்றே கேள்வி. குடிகாரனின் உயிர்க்காப்பு குடியால் நீங்கிவிடுவதாக எவரும் எழுதவில்லை.

பசியால் சாகப்போகின்றவனுக்கு, தமக்கு அந்நேரம் இன்றியமையாததல்லாத உணவை வைத்திருப்பவர் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அவ்வாறே. தொண்டையில் கவளம் சிக்கி மூச்சடைத்தவனுக்கு மதுவைத் தவிர வேறு நீர்மம் கிடைக்கவில்லையெனில், அம்மதுவைக் கொண்டேனும் கவளத்தை இறக்கிக்கொள்வது அனுமதி மட்டுமன்று, கட்டாயம் என்று நம் ஷாபிஈ நூல்கள் கூறுகின்றன. (மெத்தனால் நஞ்சுக்கு மருத்துவர் கையாளும் முறிவுகளுள் எத்தனாலும் ஒன்று. கருணாபுரம் போன்ற இடங்களில் இது சட்ட நூலின் கற்பனை உதாரணமாக நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க.)

எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தையும் நாமே எடுத்துவைக்கவேண்டும். சலுகைகள் பாவத்தோடு இணைக்கப்படமாட்டா என்பது ஷாபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற விதி. கொள்ளையடிக்கப் பயணம் போகின்றவன் வழியில் பசியால் வாடினாலும், தவ்பா செய்யாதவரை, செத்த பிராணியின் இறைச்சியை உண்ணும் சலுகை அவனுக்கு இல்லை. அப்படியானால் ஊசி ஏற்றிக்கொண்டவனுக்கு மட்டும் சலுகை எங்கிருந்து வந்தது?

இவ்வாதம் இரண்டு இடங்களில் வழுக்குகின்றது. முதலாவது, அவ்விதி பாவி தன் பாவப் பயணத்தில் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் சலுகையைப் பற்றியது. காப்பாற்ற வல்ல மற்றொருவர் கைகட்டி நிற்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. இரண்டாவதே நம் நெஞ்சைத் தொடுவது. அப்பயணிக்கு அவ்விதி ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது. தவ்பா செய், பிறகு உண் என்கின்றது. நினைவு தப்பி மூச்சுத் தேய்ந்து கிடப்பவனுக்கு அக்கதவைத் தட்டும் கை எங்கே? உயிர் தொண்டைக்குழியை அடைந்து 'கர்கரா' எனும் ஓசை எழும்வரை தவ்பாவின் வாயில் அடைபடுவதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்த நபிமொழி. அந்த வாயில் அடைபடுமுன் அவனை இழுத்து வெளியே போடுவதல்லவா அவன் மார்க்கத்திற்கும் நாம் செய்யும் உதவி? அவனைச் சாகவிட்டவர், தம் கையாலேயே அவ்வாயிலைச் சாத்தியவர் ஆகின்றார்.

இன்னும் ஒரு சான்று உண்டு. இதனை நம் மதரஸாக்களில் படித்தோரும் பலர் கவனியாது கடந்திருப்பர். 'துஹ்பத்துல் முஹ்தாஜ்' என்னும் பெருநூலை இயற்றிய மக்காவின் இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) ஹிஜ்ரி 974இல் மறைந்தவர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஓதல் முறையும் மலபாரின் ஓதல் முறையும் அப்பேரறிஞரின் நிழலில் வளர்ந்தவை. அபின் போன்றதை உண்டு பழகி, இனி அதனை உண்ணாவிட்டால் மடிந்துபோவான் என்ற நிலையை எட்டிவிட்ட ஒருவனைப் பற்றி அவர்களிடம் தீர்ப்புக் கேட்கப்பட்டது. 'பாவி, சாகட்டும்' என்று அவர்கள் கூறவில்லை. மடிவான் என்பது உறுதியானால் அதனை உண்பது அவனுக்கு ஆகும். ஆகும் என்பதற்கும் மேலாக, உயிரைக் காத்துக்கொள்ளும்பொருட்டு அது கடமை என்றார்கள். அத்தோடும் நிற்கவில்லை. உடல் அறியாவண்ணம் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்து, பழக்கத்தை அடியோடு விலக்கவேண்டும்; அவ்வாறு குறைக்காவிடின் அவன் பாவி என்றும் தீர்ப்பளித்தார்கள். ஹனபி மத்ஹபின் பிற்கால நூல்களுள் தலைசிறந்த 'ரத்துல் முஹ்தா'ரில் இப்னு ஆபிதீன் (ரஹ்) இத்தீர்ப்பை எடுத்தெழுதி, தம் மத்ஹபின் விதிகளும் இதற்கு மாறுபடவில்லை என்ற ரம்லியின் கருத்தையும் சேர்த்துள்ளார்கள்.

நானூற்றைம்பது ஆண்டுகட்கு முந்திய இத்தீர்ப்பைப் படித்துவிட்டு, இன்றைய மருத்துவர்கள் செய்வதைப் பாருங்கள். பியூப்ரினார்பின், மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் அளந்து கொடுத்து, உடலை நிலைப்படுத்தி, காலம் கனியும்போது அளவைக் குறைத்துவருகின்றனர். பஞ்சாப் மாநிலம் 2017இலிருந்து இதற்கென வெளிநோயாளர் மருத்துவமனைகளை நடத்திவருகின்றது. இமாமவர்களின் காலத்தில் மாற்று மருந்து இல்லை. அபினையே குறைத்துவரச் சொன்னார்கள். இன்று அதனினும் காப்பான வழி கிடைத்திருக்கும்போது, அதனை 'ஒரு போதைக்கு மறு போதை' என்று எள்ளி நகையாடுவது அறியாமை.

"உயிர்காக்கும் மருந்து கையில் இருந்தால் இளைஞர் துணிந்து அளவை மீறுவார்களே!" என்பது அடுத்த அச்சம். தீமைக்கு இட்டுச்செல்லும் வழியை அடைத்தல் என்பது ஷரீஅத்தின் கோட்பாடுதான். ஆனால் இம்மருந்தின் இயல்பை அறிந்தோர் இவ்வாறு அஞ்சமாட்டார்கள். நாலோக்சோன் செலுத்தப்பட்டவன் இன்பத்திலிருந்து விழிப்பதில்லை. போதை ஒரே நொடியில் பறிக்கப்பட்டு, வாந்தியும் வியர்வையும் நடுக்கமும் உடல்வலியுமாக விழிக்கின்றான். எவனும் விரும்பித் தேடும் விருந்தன்று அது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்காகக் கிணற்றடியில் கயிறு வைக்காதே என்பாருண்டோ?

நபித்தோழர் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு இவ்விடத்தில் நம் நினைவிற்கு வருகின்றன. அப்துல்லாஹ் என்ற பெயருடைய ஒருவர், பட்டப்பெயரால் பெரிதும் அறியப்பட்டவர், அண்ணலாரைச் சிரிக்கவைக்கும் இயல்பினர். குடித்ததற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அங்கிருந்தோருள் ஒருவர் அவரைச் சபித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. தண்டனை நிறுத்தப்படவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அம்மனிதரை ஈமானின் வட்டத்திலிருந்து வெளியேற்ற எவருக்கும் உரிமை தரப்படவில்லை. மது தொடர்பாகப் பத்து வகையினர் மீது சாபம் உரைக்கும் நபிமொழியும் இருக்கின்றதே என்று கேட்பர். இருக்கின்றது. வகையைக் குறித்த எச்சரிக்கை வேறு. பெயரும் முகமும் உடைய ஒருவரைச் சபிப்பது வேறு என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டியுள்ளனர்.

மற்றொன்று அபூதாவூதில் வருவது. பயணமொன்றில் ஒருவருக்குத் தலையில் காயம்பட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். நீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் விதியைச் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று அண்ணலார் கடுஞ்சினம் கொண்டார்கள். அறியாவிட்டால் கேட்டிருக்கவேண்டாமா என்றும் கடிந்தார்கள். விதியைச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். மார்க்கத்தைப் பேணுவதாகவே எண்ணினார்கள். அந்த எண்ணம் அவர்களைக் கொலைப் பழியிலிருந்து காக்கவில்லை.

திருமுல்லைவாயிலில் ஓரிரவு இஷாத் தொழுகைக்குப்பின் ஒரு தகப்பனார் நம்மிடம் தனியே பேசவேண்டும் என்றார். கூட்டம் கலையும்வரை செருப்பு வைக்கும் இடத்தருகே காத்து நின்றார்.

"ஹஜ்ரத், ஊசி போட்டுக்கிட்டுச் செத்தவனுக்கு ஜனாஸா தொழலாமா?"

"யார் இறந்துவிட்டார், பாய்?"

"யாரும் இல்லை ஹஜ்ரத். என் மகன்தான்... இன்னும் இருக்கான். நாளைக்கு ஒண்ணு ஆகிப்போனா ஜமாஅத்துல என்ன சொல்வாங்களோன்னு கேட்டு வச்சுக்கிறேன்."

சட்டத்தைச் சொன்னோம். தற்கொலை செய்துகொண்டவர் விஷயத்திலேயே, அண்ணலார் தாம் தொழுவிக்கவில்லை என்ற ஹதீஸை முன்வைத்து உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), அவ்ஸாயீ (ரஹ்) போன்றோர் தொழவேண்டாம் என்றாலும், அபூஹனீபா, மாலிக், ஷாபிஈ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மை அறிஞர்கள் அவருக்கு ஜனாஸா தொழவேண்டும் என்றே கூறியுள்ளனர் என இமாம் நவவீ (ரஹ்) எழுதுகின்றார்கள். சாக எண்ணாமல் போதையை எண்ணி அளவு மீறியவன் தற்கொலை செய்துகொண்டவனும் அல்லன். எனவே அத்தொழுகையில் தடை இல்லை. கேட்டுக்கொண்ட அம்மனிதரின் முகம் தெளிந்தது. நமக்கோ அத்தெளிவு பெரிதும் வருத்தத்தையே தந்தது. மகனை அடக்கம் செய்யும் சட்டத்தைத் தெரிந்துகொள்ளத் தவித்தவர், மகன் நீலம் பாரித்துக் கிடந்தால் என்ன செய்வது என்பதைக் கேட்கவில்லை. கேட்கத்தக்க கேள்வி அது என்றே அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடி செய்தது எது? வெட்கம், காவல் நிலையத்தின் அச்சம், அவ்விரண்டையும் விட, ஜமாஅத்தின் வாய்.

காவல் பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காப்பளிக்கின்றது. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைத் துன்புறுத்தலாகாது என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்தது. போதையால் மூச்சடங்கியவனுக்காக ஆம்புலன்ஸை அழைக்கும் தோழனுக்கும் அதுபோன்ற வெளிப்படையான காப்பு வேண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இலேயே அத்தகைய சட்டம் செய்தது. உடனிருந்த நண்பர்கள் காவலுக்கு அஞ்சி ஓடிவிட, தனியே கிடந்து மடிவதே இச்சாவுகளின் வாடிக்கை.

ஜமாஅத்தின் வாயை அடைப்பதற்குச் சட்டம் உதவாது. அதற்கு மலேசியாவைப் பார்க்கவேண்டும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அருகே அர்ரஹ்மான் பள்ளிவாசல் இருக்கின்றது. 2010 அளவில், அப்பள்ளிவாசலிலேயே போதைக்கு அடிமையானோர்க்கு மெத்தடோன் மருந்தும், அதனுடன் தொழுகைப் பயிற்சியும் மார்க்க அறிவும் வழங்கும் திட்டத்தைப் பல்கலைக்கழக மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து தொடங்கினர். பள்ளிவாசலின் தூய்மை கெட்டுவிட்டதாக அங்கே எவரும் கருதியதாகத் தெரியவில்லை. நம் ஊர்களிலிருந்து மலேசியா சென்று பொருளீட்டித் திரும்புவோர் ஏராளம். இச்செய்தியை எத்தனைபேர் கொண்டுவந்தனர்?

நம் பள்ளிவாசல்களில் மருந்து வழங்கும் நாள் எப்போது வருமோ, அறியோம். அதற்குமுன் பணமின்றியே செய்யக்கூடியவை உண்டு. குத்பாவில் ஒருமுறையேனும் இதனைச் சொல்லலாம்: எழுப்பியும் எழாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாரித்துக் கிடப்பவனைத் தூங்கவிடாதீர்கள். 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் தாடையை உயர்த்தி வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். மூச்சு இருந்தால், வாந்தி தொண்டையை அடைக்காதபடி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், தண்ணீர் எதுவும் நினைவற்றவன் வாயில் ஊற்றாதீர்கள். போதை தெளிய மோர் கொடுக்கும் பழக்கம் இங்கே உயிரைக் குடிக்கும். என்ன உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் முறிவு மருந்து அவன் உடலில் சேர நேரம் போகும். நாலோக்சோன் போட்டு விழித்துவிட்டாலும் அழைத்து வந்துவிடாதீர்கள். அம்மருந்தின் வலிமை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடலாம். நஞ்சு அதன் பின்னும் உடலில் தங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதனை அறியாத குடும்பங்கள் மிகப் பல. மீட்பு இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ மகன் திரும்பி வரும் நாளில் வீட்டில் பிரியாணி சமைக்கின்றார்கள். ஆபத்து நீங்கியது என்று உம்மா நேர்ச்சை நிறைவேற்றுகின்றார். உண்மையில் ஆபத்து மிகும் வாரங்கள் அவைதாம். சில மாதம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிட்டது. மனமோ பழைய அளவை மறக்கவில்லை. சறுக்கி ஒருமுறை பழைய அளவைத் தொட்டால், முன்னர் நூறுமுறை தாங்கிய உடல் இம்முறை தாங்காது. அந்நாட்களில் அவனைத் தனியறையில் தாழிட்டுக்கொள்ள விடாதிருப்பதும், தாழ் உள்ளே விழுந்திருந்தால் வெட்கப்படாமல் தட்டுவதும், திறக்காவிட்டால் உடைப்பதும் வீட்டாரின் வேலை. கதவை உடைக்கும் ஓசை அண்டை வீட்டுக்குக் கேட்குமே என்று நிற்கவேண்டாம். அண்டை வீட்டாரையும் கூப்பிடுங்கள். தூக்குவதற்கு ஆள் வேண்டும்.